தாம்போதிக்காக உயர்த்திய ஜீப்

எங்கள் வளவில் நின்ற ஜீப்பை உயர்த்த வேண்டும் என்று முதலில் சொன்னது நான். பிறகு ஊரில் எல்லோரும் அது என் கணவரின் யோசனை என்றார்கள். அந்த மனிசனும் மறுக்காமல் தலையாட்டிக்கொண்டு திரிந்தார். ஆகவே தொடங்கும்போதே உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறேன்.

நான் அப்போது கரடியனாற்றுக்கும் உள்ளே, வயல் வட்டைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்த ஐந்தாறு ஊர்களுக்கு மருத்துவிச்சி. சனங்கள் 'மிஸி' என்று கூப்பிடுவார்கள். இடம்பெயர்ந்து போனவர்கள் திரும்பி வந்து, பற்றை வெட்டி, தகரம் போட்டு, விதைப்புக்கு இறங்கியிருந்த காலம். வடக்கே சண்டை முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்களுக்கும் பெரிய தெருவுக்கும் நடுவில் ஒரு தாம்போதி இருந்தது. ஆற்றுக்குப் பாலம் கட்டாமல், தெருவையே தாழ்த்திக் கொங்கிரீட் போட்டு, தண்ணீரை அதற்கு மேலால் போக விடுவதுதான் தாம்போதி. கோடையில் அதில் ஆடு படுத்திருக்கும். மாரியில் அந்தப் பக்கம் போனவர் அந்தப் பக்கம்தான்.

ஜீப் பழைய ஜப்பான்காரன். சுனாமிக்கு நிவாரணம் கொண்டு வந்த ஒரு நிறுவனம் மூட்டை கட்டியபோது ஏலத்தில் விட்டது. என் கணவர் அந்த நிறுவனத்தில்தான் சாரதியாக இருந்தார். அதற்கு முன்னர் கடற்கரைக்காரர், மீன்பிடிகாரர். கடல் அவருடைய தாயையும் தோணியையும் ஒரே காலையில் எடுத்தது. அன்றிலிருந்து அவர் கரண்டைக் காலுக்கு மேலே தண்ணீரில் இறங்கியதில்லை. கிணற்றடியில் வாளியால் குளிக்கும்போதுகூட முகத்தில் தண்ணீர் ஊற்றக் கண்ணை மூடமாட்டார். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். இவர் கடலை விட்டு இவ்வளவு தூரம் வந்ததற்கு வழக்கம் பாதிக் காரணம், மீதிக் காரணம் இதுதான்.

முந்திய மாரியில் அந்த ஜீப்பில்தான் ஒரு தாயை ஏற்றிக்கொண்டு போனோம். தாம்போதியில் தண்ணீர் முழங்காலளவுதான். ஆனால் வெள்ளம் நடுவில் மணலைக் கொண்டுவந்து குவித்திருந்தது. ஜீப்பின் வயிறு அந்தக் குவியலில் ஏறிக் குந்திவிட்டது. சில்லு நாலும் சும்மா சுற்றின. உழவு இயந்திரம் வந்து இழுத்தெடுக்கும்போது பிள்ளை ஜீப்புக்குள் பிறந்து, என் கையில் ஒரு முறை அசைந்து, அவ்வளவுதான். அந்தத் தாய் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

அடுத்த மாரிக்கு என் ஏட்டில் இன்னொருத்தி இருந்தாள். இருபத்திரண்டு வயது, தலைப்பிள்ளை, மார்கழியில் நாள். அவளுக்கு இரத்த அழுத்தம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கடைசி மாதம் மட்டக்களப்புக்குப் போய் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஆரும் சொந்தக்காரர் வீட்டில் இரு என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. சண்டை முடிந்த கிழமையில் அவளுடைய புருசனை விசாரணை என்று கூட்டிப் போயிருந்தார்கள். எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

"அவரு வந்தா வீடு பூட்டிக் கிடக்கப்படாது மிஸி," என்றாள். "ஆள் இல்லண்டு நினைச்சு வந்த வழியே கிறுகிப் போயிடுவாரு."

நான் ஏசினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். உன்னையும் பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டு வீட்டைத் திறந்து வைத்து ஆருக்குக் காட்டப் போகிறாய் என்று கேட்டேன். கேட்ட பிறகு என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. அவள் சண்டை பிடிக்கவில்லை. எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு வாசலைக் கூட்டப் போய்விட்டாள். கூட்டின வாசலை அன்று மூன்றாம் தரமாகக் கூட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் சொன்னேன். அவள் பிள்ளை நோவு வரும் நிமிசம் வரைக்கும் அந்த வீட்டை விட்டு அசையமாட்டாள். தண்ணீர் எவ்வளவு நின்றாலும் தாம்போதியைக் கடக்கிற மாதிரி இந்த ஜீப்பை உயர்த்துங்கள், இல்லையென்றால் விற்றுவிட்டு மாடு வாங்குங்கள்.

அவர் உயர்த்தினார். ஆனால் எங்கள் ஊர்க்காரர் எப்படி உயர்த்துவார்களோ அப்படி உயர்த்தினார். எங்கள் பக்கத்தில் எந்த வாகனத்தையும் நெல் மூட்டையால்தான் அளப்பார்கள். ஒருவன் புது மோட்டார் சைக்கிள் எடுத்தாலும் எத்தனை மூட்டை தாங்கும் என்றுதான் முதல் கேள்வி. கடற்கரையிலிருந்து வந்தவரும் மூன்று நாலு வருசத்தில் அந்தப் பழக்கத்துக்கு வந்துவிட்டார். உழவு இயந்திரம் இழுத்துப் போகும் உடைந்துபோன பெட்டி ஒன்றிலிருந்து தடித்த ஸ்பிரிங் தகடுகளைக் கழற்றி, ஜீப்பின் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் இரண்டிரண்டாகச் சேர்த்து இறுக்கினார். ஜீப் மூன்று அங்குலம் எழும்பி நின்றது. பார்க்க அழகுதான். ஊரே வந்து பார்த்தது. இருபத்தைந்து மூட்டை தாங்கும் என்று ஊர் தீர்ப்பும் சொன்னது.

நான் பின்னுக்குப் பாயைப் போட்டு, நோவு கண்டவள் போல இடப்பக்கம் சரிந்து படுத்துக்கொண்டு ஓட்டச் சொன்னேன். வளவிலிருந்து வாய்க்கால் மதகு வரை போவதற்குள் மூன்று தரம் பாயை விட்டுக் கிளம்பினேன். மூன்றாம் தரம் தலை கூரைக் கம்பியில் பட்டது. நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல் வரம்பில் நின்று அவரைக் கிழித்துக் காயப்போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெறுமையாக ஓடினால் அப்படித்தான், பத்து மூட்டை நெல்லை ஏற்றினால் பஞ்சு மாதிரிப் போகும் என்றார். ஏற்றினார். பஞ்சு மாதிரித்தான் போனது. இறங்கி அளந்து பார்த்தால் ஜீப் பழைய உயரத்துக்கே வந்திருந்தது. நம்பாமல் இன்னொரு தரம் அளந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"மூட்டைக்கு நோவு இல்ல," என்றேன். "பொம்பிளைக்கு இரிக்கி."

அதற்குப் பிறகுதான் அவர் ஏறாவூர்க் காக்காவிடம் போனார். காக்கா என்று முஸ்லிம்கள் மூத்தவரைக் கூப்பிடுகிற முறையில் நாங்களும் கூப்பிட்டோம். நிவாரண நிறுவனத்தின் வாகனங்களைத் திருத்தியவர் அவர். அதற்கு முந்திப் பல வருசம் வளைகுடாவில் இருந்தவர். அங்கே பணக்காரர்கள் மணல் மேட்டில் ஏறி இறங்கி விளையாடுவதற்காக ஜீப்புகளை உயர்த்துவார்களாம். இவருக்கு அதுதான் வேலை. இங்கே சொந்தக் கராஜ் கிடையாது. சாமான் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை செய்வார். ஆனால் எங்கள் பக்கம் மட்டும் வரமாட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவில் நடந்ததெல்லாம் நடந்த பிறகு, செங்கலடிச் சந்திக்கு இங்கால் அவர் கால் வைத்ததில்லை என்று என் கணவர் சொன்னார். ஜீப் எதற்கு என்று சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வாறன் என்றாராம். காலையில் வந்து பின்னேர அசருத் தொழுகைக்கு முதல் போய்விடுவேன் என்பது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

ஒல்லியான, வெள்ளைத் தாடி வைத்த மனிதர். வந்ததும் ஜீப்பைப் பார்க்கவில்லை. பின்னுக்கு விரித்துக் கிடந்த பாயைப் பார்த்தார். ஆர் படுத்துப் பார்த்தது என்று கேட்டார். நான் என்றேன். நல்ல வேலை செய்தீர்கள் என்றார். பதினைந்து வருச உத்தியோகத்தில் ஓர் ஆம்பிளை என்னிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

முதலில் ஜீப்பைத் தூக்கி நிறுத்த வேண்டும். என் கணவர் சீமெந்துக் கல் அடுக்கினார். காக்கா அதைக் காலால் தள்ளிவிட்டார். கல் வெடித்தால் ஆள் அடியில். கடைசியில் என் உரலும் பக்கத்து வீட்டு உரலும் கவிழ்ந்து சட்டத்துக்கு அடியில் போயின. பாலை மரத்து உரல் யானை ஏறினாலும் அசையாது. அன்றைக்கு இரண்டு வீட்டிலும் மா இடிக்கவில்லை.

பெட்டித் தகடுகளைக் கழற்றித் தூரப் போட்டார். ஜீப்பின் சொந்தத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாக்கில் பெரிதிலிருந்து சிறிதுக்கு அடுக்கினார். வருசக் கணக்கில் பாரம் சுமந்து அவை தட்டையாகிப் போயிருந்தன. என் விறாந்தைச் சீமெந்தில் வெண்கட்டியால் ஒரு வளைவு கீறினார். பிறகு தகட்டை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் வைத்து, நெருப்பில் காட்டாமல், பெரிய சுத்தியலால் ஒரு விரல் இடைவெளிக்கு ஓர் அடியாக அடித்துக்கொண்டு போனார். பத்து அடிக்கு ஒருமுறை தகட்டைத் தூக்கி வந்து வெண்கட்டி வளைவில் வைத்துப் பார்ப்பார். சூடு காட்டினால் சுலபமாக வளையும், ஆனால் உரம் போய்விடும் என்றார். அசருக்கு அவர் புறப்படும் நேரத்துக்கு நாலு ஸ்பிரிங்குகளும் ஒரே வளைவில் கிடந்தன. அவருடைய உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தது. மருந்து போட வந்த என்னிடம் கையைத் தரவே கூச்சப்பட்டார்.

அடுத்த நாள் பூட்டினார். ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு தொடுக்கிற சிறு இரும்புக் காதுகளைக் கொஞ்சம் நீளமாக வெட்டிப் போட்டார். எல்லாமாக இரண்டரை அங்குலம். அதற்கு மேல் வேண்டாம், கவிழும் என்றார். ஸ்பிரிங்கை உயர்த்தினால் உடம்பு மட்டும்தான் உயரும், அச்சு அந்த இடத்திலேயே தொங்கும், அச்சும் உயர வேண்டுமென்றால் பெரிய டயர் வேண்டும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கத்தான் இந்த இரண்டரை அங்குலம். இதை எனக்கும் விளங்கும்படி ஒரு தேங்காய்ச் சிரட்டையையும் ஈர்க்கையும் வைத்துக் காட்டினார். பிறகு பெரிய டயர் நாலையும் பூட்டினார். முன்பக்கம் உயர்ந்ததால் அச்சு இலேசாகச் சரிந்து, ஸ்டியரிங் அலையும் என்று கண்டு, பழைய மாட்டு வண்டிச் சில்லின் இரும்புப் பட்டையில் ஆப்புப் போல இரண்டு துண்டு வெட்டி, அரத்தால் அரை நாள் ராவி, இடையில் செருகினார்.

எல்லாம் முடிந்தது என்று என் கணவர் சாவியை எடுத்தார். காக்கா விடவில்லை. ஒவ்வொரு சில்லையும் அந்தரத்தில் தொங்கவிட்டு, பிரேக் குழாயை விரலால் தடவிப் பார்த்தார். நான் வயிறு பார்ப்பது போலவே கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு விரலால் பார்த்தார். முன் இடப்பக்கக் குழாய் கொடிக் கயிறு மாதிரி விறைத்து நின்றது. சமநிலத்தில் அது தெரியாது. குழியில் சில்லு இறங்கும்போது அறுந்திருக்கும். நீளமான குழாய் கொண்டுவர இன்னொரு நாள் வந்தார். அதற்கும் பிறகு என்னைப் பாயில் படுக்கச் சொல்லி மதகு வரை ஓட்டினார்கள். நான் பாயிலேயே இருந்தேன். நூறு கட்டை, அதாவது நூறு மைல், ஓடின பிறகு போல்ட்டுகள் தளரும், வந்து இறுக்கித் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழியில் ஒரு காலை அதற்காக வந்தார். வரும்போது தாம்போதியில் கரண்டையளவு தண்ணீர். வேலை முடிகிறபோது மேலே குளம் நிரம்பி வான் பாய்கிறது என்று செய்தி வந்தது. மோட்டார் சைக்கிளில் இனிப் போக முடியாது. அந்த நேரத்தில்தான் அந்தத் தலைப்பிள்ளைக்காரியின் அயல் வீட்டுப் பெண் போன் எடுத்தாள். தாங்கள் வெள்ளத்துக்குப் பயந்து பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்களாம், இவள் வரமாட்டாள் என்கிறாளாம், தலையிடி, கண்ணுக்குள் மின்னுகிறது என்கிறாளாம். நான் பையை எடுத்தேன். காக்காவும் ஜீப்பில் ஏறினார், எங்களோடு தாம்போதியைக் கடந்து வீட்டுக்குப் போகலாம் என்று.

போய்ப் பார்த்தால் அவளுடைய இரத்த அழுத்தம் நான் பயந்ததற்கும் மேலே இருந்தது. நோவும் தொடங்கியிருந்தது. இனி ஒரு மணித்தியாலம்கூடப் பொறுக்க ஏலாது, வலிப்பு வந்தால் தாயும் பிள்ளையும் போய்விடும். அவள் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டைத் திறந்து வைத்துக் காவல் நிற்க ஆளில்லை, அயல் வீடுகள் எல்லாம் வெறுமை. நான் நிற்க முடியாது, நான் அவளோடு போக வேண்டும். என் கணவர் நிற்க முடியாது, அவர்தான் ஓட்ட வேண்டும். என் வாயில் அன்றைக்கு ஏச்சும் வரவில்லை. அவளுடைய விரல்களை நிலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

காக்கா ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். சாமான் பெட்டியை வாசலில் வைத்தார்.

"நான் இரிக்கன் தங்கச்சி. கதவ பூட்டமாட்டன்," என்றார். "அவரு வந்தா என்ன சொல்லணும்?"

அவளிடம் அந்தக் கேள்வியை அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நாங்கள் எல்லோரும் அவர் வரமாட்டார் என்பதையே வேறு வேறு சொல்லில் சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் அவரைப் பார்த்தாள்.

"சாப்பிடச் சொல்லுங்க காக்கா. பானைக்குள்ள அரிசி இரிக்கி. போன இடத்தச் சொல்லுங்க."

கையை விட்டாள். நடந்து வந்து ஜீப்பில் ஏறினாள்.

தாம்போதியில் தண்ணீர் மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓரக் கட்டை ஒன்றும் தெரியவில்லை. என் கணவர் ஜீப்பை நிறுத்தி, என்ஜினுக்குள் தண்ணீர் அடிக்காமல் முன்பக்கத்தில் படங்குத் துணியைக் கட்டினார். பிறகு ஒரு கம்பை முறித்தெடுத்து, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கரண்டை. முழங்கால். தொடை. கம்பால் குத்திக் குத்தி விளிம்பைத் தேடிக்கொண்டு அந்த மனிசன் அக்கரை வரை நடந்து, அதே தடத்தில் திரும்பி வந்தார். ஐந்து வருசமாகக் குளிக்கக் கண் மூடாதவர். திரும்பி ஏறினவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த பெருமையை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் தெரியாமல் ஆடுவார்.

ஒரே கியரில், நிறுத்தாமல், மாடு நடக்கிற வேகத்தில் போனோம். நடுவில் தண்ணீர் கதவடிக்கு வந்து ஓரமாகக் கசிந்தது. பின்பக்கம் ஒரு தரம் இலேசாக நகர்ந்தது. மணல் குவியல் வந்ததும் நான் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஜீப் அதன் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பாயிலேயே படுத்திருந்தாள்.

பெண் பிள்ளை. பின்னேரம் பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதுதான் என் கணவர், காக்கா எங்கள் பக்கம் வராததன் மற்றக் காரணத்தைச் சொன்னார். காக்காவின் தம்பி அந்தக் காலத்தில் நெல் வாங்கவென்று இந்தத் தெருவால் வந்தவர், திரும்பவில்லை. எங்கள் ஆட்களைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை.

இரண்டாம் நாள் தண்ணீர் வற்றியது. என் கணவர் போய், இனி நான் இருக்கிறேன், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றாராம். இருப்பேன் என்று நான்தானே சொன்னேன் என்று காக்கா அசையவில்லை. ஏறாவூருக்குப் போன் எடுத்து, வேலை முடியவில்லை என்று மட்டும் சொன்னாராம். ரோந்து வந்த ஆமிக்காரர் இரண்டு தரம் வந்து, இந்த வீட்டில் நீ ஆர் என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் வரும்வரைக்கும் இருக்கிறேன் என்றிருக்கிறார். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பின அயலவர்கள் முதல் நாள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார்கள். அடுத்த நாள் மீன் கறி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் தாயையும் பிள்ளையையும் கொண்டுவந்து இறக்கினோம். கதவு திறந்து கிடந்தது. காக்கா வாசலில் நின்றார். அவள் படலையடியிலேயே கேட்டாள், வந்தாரா என்று.

"இன்னும் இல்ல தங்கச்சி," என்றார் அவர். சாமான் பெட்டியை எடுத்துக்கொண்டு ஜீப்படிக்குப் போனார்.

அவள் உள்ளே போனாள். நானும் பிள்ளையோடு பின்னால் போனேன். அடுப்படியில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை இன்னொரு கோப்பையால் மூடி வைக்கப்பட்டிருந்தது. திறந்து பார்த்தாள். அன்றைய சோறு, மேலே கொஞ்சம் மீன், ஓரத்தில் உப்பு. அயல் வீட்டுப் பெண் வாசலில் நின்று சொன்னாள், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நாள் முதல் பார்க்கிறோம், இந்த மனிசன் இரண்டு பேருக்குத்தான் உலை வைத்தார், மூடி வைத்ததை அடுத்த நாள் காலையில் கோழிக்குப் போட்டுவிட்டுத் திரும்பவும் புதிதாக வைப்பார் என்று.

அவள் சப்பாணி கட்டி இருந்து, பிள்ளையை என்னிடம் கேட்டு மடியில் வாங்கிக்கொண்டு, அந்தச் சோற்றைப் பிசைந்து தானே சாப்பிடத் தொடங்கினாள். பெற்ற உடம்புக்குப் பத்தியம் இருக்கிறது, மீன் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். நான் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள்.